பதினொரு வீட்டுத் தலைவலி

தீர்ந்துபோன தலைவலி மாத்திரை அட்டைகளைப் பையிலிருந்து மேசைமேல் கொட்டினாள் பாலம்மாள். "எங்க பதினொரு வீட்டுலயும் இதான் சார் சாப்பாடு. எழுதிக்கிடுங்க."

தென்காசியில் அன்று நடந்தது அலைவரிசை விசாரணை. கம்பியே இல்லாமல் காற்றில் அலையாக மின்சாரம் அனுப்பும் கம்பெனி ஒன்று, குற்றாலம் மலையடியில் அவர்கள் தெருவில் கோபுரம் நட்டு, ஒவ்வொரு கூரையிலும் ஒரு பெட்டி மாட்டியிருந்தது. இரண்டு வருட அனுமதி முடியப்போகிறது. நீட்டிக்கலாமா என்று விசாரிக்க, அதிகாரி சுந்தரபாண்டியன் சென்னையிலிருந்து வந்திருந்தார்.

கம்பெனி மேலாளர் லிங்கேஸ்வரன் அட்டைகளைப் பேனா முனையால் ஒதுக்கித் தள்ளினார். பணம் பறிக்க வந்திருக்கிறார்கள், வேறொன்றுமில்லை என்றார்.

பின்னால் இருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். உன் பிள்ளையைக் கொண்டுவந்து அந்தப் பெட்டிக்கு அடியில் படுக்கப் போடு என்று ஒருத்தி கத்தினாள். வாசலில் நின்ற போலீஸ்காரர் வந்து உட்காரவைக்க வேண்டியிருந்தது.

பாலம்மாள் குரலை உயர்த்தவில்லை. புருஷன் பரமசிவன் அந்த அலையால்தான் மயங்கி விழுந்து தோள்பட்டை முறிந்துகிடக்கிறான் என்றாள். "போலீசுல மனு குடுக்கப் போறோம். குத்தவாளியில மொதப் பேரு இந்த மேனேசரு பேருதான்."

லிங்கேஸ்வரனுக்கு முகம் கறுத்தது. அன்றைக்குக் கோபுரம் ஓடவே இல்லை என்றார்.

"அன்னைக்கு நிறுத்தியிருப்பீங்க. அதுக்கு முந்தி?"

"ஒரு நாள்கூட ஓடலை. மாட்டின நாள்லேருந்து ஒரு நிமிஷம்கூட ஆன் பண்ணலை. போதுமா?" பதிவேட்டை அதிகாரி முன்னால் வீசினார். பக்கத்துக்குப் பக்கம் பூஜ்யம்.

அதிகாரி ஏன் என்று கேட்டார். ஆத்திரத்தில் அதையும் லிங்கேஸ்வரன் சொல்லிவிட்டார். பெட்டி மாட்டினால் வீட்டுக்கு வீடு அரசு மானியம். அலையை அனுப்பினாலோ மணிக்கணக்குப் பார்த்து அரசுக்கு அலைவரிசைக் கட்டணம் கட்ட வேண்டும். எந்த மடையன் அனுப்புவான்? யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் அதிகாரி எழுதி முடித்து, கையெழுத்துக்குத் தாளை நீட்டிவிட்டார். லிங்கேஸ்வரன் வேறு வழியில்லாமல் போட்டார்.

பாலம்மாள் அட்டைகளைப் பையில் அள்ளினாள்.

"அலையே வரலைன்னா உங்க புகார் நிக்காதேம்மா," என்றார் அதிகாரி.

"நிக்க வேண்டாம் சார். அந்தத் தாளுக்கு ஒரு நகல் மட்டும் குடுங்க."

எதற்கு என்று கேட்டார்.

"பெட்டி மாட்டுனதால எங்களுக்கு கரண்டு வந்துட்டுன்னு கரண்டு ஆபீசுல எழுதி வச்சிருக்காங்க. இன்னைக்கும் மண்ணெண்ணெ விளக்குதான், கம்பி இழுத்துத் தாங்கன்னு ரெண்டு வருசமா நடக்கோம். ஒருத்தரும் நம்பல."

பிறகு லிங்கேஸ்வரனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"அவரு வாயால வரணும்லா."