மூடியின் உள்பக்கம்

"இன்னைக்கும் கொத்துக்கறிச் சோறா சிஹோ? அவனுக்குப் பிடிக்கும்னா, தினம் இதேதானா?"

"வேலை முடிஞ்சு வந்து வேற எதுக்கு நேரம் இருக்கு அத்தை? இதுன்னா கால் மணியில முடிஞ்சிடும்."

சிஹோ திரும்பாமலே பதில் சொன்னாள். திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். வாணலியில் கோழிக் கொத்துக்கறி. சாப்பிடும் குச்சிகள் நான்கைச் சேர்த்துப் பிடித்துக் கிளறிக்கொண்டே இருந்தாள். கையை நிறுத்தினால் கட்டி தட்டிவிடும். சோயா சாஸும் சர்க்கரையும் இஞ்சிச் சாறும் சுண்டி, வாசனை வாசல்வரை போயிற்று.

"உங்க மாமா தவறிப் போய், நாப்பத்தொம்பது நாள் துக்கம்னு கறி மீனே தொடாம கிடந்து, அப்புறம் முதமுதலா நீ இத செஞ்சே, ஞாபகம் இருக்கா?" என்றாள் மாமியார் தோக்கி. "கல்லு கல்லா! 'அம்மா, இத வலையில கட்டிட்டா ஈயக்குண்டு வாங்க வேணாம்'னானே கோஹெய்!"

"சொல்லிட்டு ரெண்டு கிண்ணம் காலி பண்ணாரே, அதச் சொல்லுங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த இடத்தில் வீடு இன்னும் வெறுமையானது.

சிஹோவின் கணவன் கோஹெய் கணவாய் மீன் பிடிக்கப் போன படகு மூன்று வாரமாகத் திரும்பவில்லை. கடலுக்குப் போனவனுக்கு அந்தத் துறைமுகத்து வீடுகளில் அவன் இடத்தில் ஒரு கிண்ணம் வைப்பார்கள். சுடச்சுடச் சோறு போட்டு மூடி, கொஞ்ச நேரம் கழித்துத் திறப்பார்கள். மூடியின் உள்பக்கம் வேர்த்திருந்தால் போனவன் எங்கோ நன்றாக இருக்கிறான். காய்ந்திருந்தால், இல்லை.

அதைப் பார்க்காமல் சிஹோ ஒரு வாய் தொடமாட்டாள். மூடி இதுவரை அவளை ஏமாற்றியதில்லை. அவள் தாமதமாக வந்து, சோறு ஆறிப்போன நாளில்கூட முத்து முத்தாய் நீர் நின்றது. "பாத்தியா? என் புள்ளயாவது சாகறதாவது! நீ சாப்பிடு" என்பாள் தோக்கி.

இன்று மதியம், மீனவர் சங்கத் தலைவர் மொரிவாக்கி சிஹோ வேலை செய்யும் கடைக்குப் போன் செய்தார். படகு கவிழ்ந்து கிடந்ததாம். கோஹெயும் கிடைத்துவிட்டான். மழைக்கோட்டில் சிஹோ தைத்துக் கொடுத்த பெயரை வைத்துத்தான் அடையாளம் தெரிந்ததாம்.

"வீட்டுல அம்மாகிட்ட..." என்று அவர் தொடங்கும்போதே, "நானே சொல்லிக்கிறேங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

எப்படிச் சொல்வது? பஸ்ஸில் வரும்போது எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நாக்கில் நிற்கவில்லை. ஏற்கனவே கணவனை இழந்தவளிடம், இருந்த ஒரே பிள்ளையும் போய்விட்டான் என்று எந்த வாயால் சொல்வது? வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் அது தோன்றியது. தன் வாய் வேண்டாம். மூடியே சொல்லட்டும்.

ஃப்ரிட்ஜில் இருந்த காலைச் சோற்றைச் சூடாக்காமலே கோஹெயின் கிண்ணத்தில் போட்டாள். கறியை ஜன்னலோரம் வைத்து நன்றாக ஆறவிட்டுப் பரப்பினாள். பக்கத்தில் உதிர்த்த முட்டை, நடுவில் பச்சை பீன்ஸ், அவனுக்குப் பிடித்தமாதிரியே. மூடியின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பிறகு மூடினாள்.

"எனக்குக் கறி போடாதம்மா. முட்டையும் பீன்ஸும் போதும். பல்லு வலி" என்றாள் தோக்கி.

"சரி அத்தை."

கிண்ணங்களை மேசையில் வைத்துவிட்டு, சூப் எடுக்க சிஹோ உள்ளே போனாள். அடுப்படியில் கொஞ்ச நேரம் சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். திரும்பி வந்தபோது தோக்கி, மகனின் கிண்ணத்துக்கு அருகே குச்சிகளை நேராக வைத்துக்கொண்டிருந்தாள்.

"திறந்து பாருங்க அத்தை."

சிஹோ முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். இந்த அம்மா சரிந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டுமே.

தோக்கி மூடியைத் தூக்கி விளக்குக்கு நேரே திருப்பினாள். உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். ஒன்று திரண்டு மேசையில் சொட்டியது.

"பாத்தியா? வேர்த்திருக்கு. சாப்பிடு."

ஒரு கணம், பாவம், சிஹோவுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. மொரிவாக்கி ஆள் மாற்றிச் சொல்லியிருப்பாரோ? கை தானாக நீண்டு கோஹெயின் கிண்ணத்தைத் தொட்டது. ஜில்லென்று இருந்தது.

இனி எப்படிச் சொல்வது? குனிந்து தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்தாள். எதிரே கறுக் கறுக்கென்று சத்தம். தோக்கி ஊறுகாய் முள்ளங்கியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் சட்டைக் கை நுனி, தண்ணீர்க் குவளையில் தோய்ந்ததுபோல் ஈரமாயிருந்தது.

"அத்தை... பல்லு வலின்னீங்களே?"

சத்தம் நின்றது. தோக்கி முள்ளங்கியை மெதுவாக விழுங்கினாள். பிறகு மருமகளின் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"மொரிவாக்கி காலையில இங்கதான் முதல்ல வந்தான். நாளையிலேர்ந்து நாப்பத்தொம்பது நாள் உனக்கும் கறி கிடையாதும்மா, இன்னைக்கு ஒரு வேளை சாப்பிட்டுடு."