நித்திரை வருத்தம்

"பெத்த அப்பாவைப் பொலிசில குடுக்கப் பாக்கிறியோ? அவர் நித்திரையில அடிக்கிறவரடா!"

தொலைபேசியில் தம்பி அருந்தவன்மேல் சீறி விழுந்தாள் தர்சினி. அம்மா பவளத்தின் இடக்கண்ணைச் சுற்றிக் கன்றியிருந்த வீக்கத்தை அவன் நேற்றுத்தான் பார்த்திருந்தான்.

"அப்ப டொக்டர் சொல்லட்டும் அக்கா. வருத்தமில்லையெண்டால் அம்மா என்னோட ஸ்பிரிங்வேல் வீட்டுக்கு வாறா."

"வருத்தம்தான். நீதான் வெட்கப்படப் போறாய்!"

போரில் பட்டதெல்லாம் கனவில் வருகிறது, கை தன்னையறியாமல் ஓங்குகிறது, இது ஒரு நோய் என்று ஏழு வருடமாக அப்பா சொல்லிவந்தார். கேட்டவர்கள் எல்லோரும் அவருக்காக உச்சுக்கொட்டினார்கள்.

மருத்துவமனை வாசலில் தாயையும் மகளையும் இறக்கிவிட்டார் அப்பா இரத்தினசிங்கம். "நான் கார் விட இடம் பாத்துப்போட்டு வாறன். உங்களோட கதைக்கச் சொல்லி டொக்டருக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திட்டன்."

மருத்துவர் விவேக் தமிழ்நாட்டுக்காரர். போன வாரம் அப்பாவின் தலையெல்லாம் கம்பி ஒட்டி, ஆய்வுக்கூடத்தில் உறங்கவைத்து எடுத்த பதிவைத் திரையில் காட்டினார்.

"கனவு காணும்போது மூளை நம்ம கைகால்களைப் பூட்டி வச்சிடும். சிலருக்கு அந்தப் பூட்டு வேலை செய்யாது. கனவுல அடிக்கறதை நிஜமாவே அடிச்சிடுவாங்க."

"பாத்தியளே அம்மா! இதைத்தானே அப்பாவும் சொன்னவர்!"

"ஆனா உங்க அப்பாவுக்கு அந்தப் பூட்டு சரியா வேலை செய்யுதும்மா. கனவுறக்கத்துல விரல்கூட அசையலை."

"நாலு தரம் கத்திக்கொண்டு கையை வீசினவரெண்டு நேர்ஸ் சொன்னாவே!"

"ஆமா. நாலு தடவையும் அவர் முழிச்சிட்டுத்தான் இருந்தார். மூளையலை அப்படித்தான் காட்டுது."



"மெஷின் பிழையாயிருக்கும்." தர்சினி அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா, சொல்லுங்கோ! அப்பா நித்திரையிலதானே?"

பவளம் மகளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"அடிக்கிறதுக்கு முதல் எழும்பிப் போய், அறைக் கதவைச் சாத்திப்போட்டு வாறவர் பிள்ளை. பக்கத்து அறையில படுக்கிற உனக்குக் கேட்கக் கூடாதெண்டு."