ஜமால் கட்சி

காலையிலிருந்து அந்தத் தாடிக்காரன் பெரிய மார்க்கெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒவ்வொரு வாசலிலும் நின்று, கையிலிருந்த நோட்டில் என்னவோ கோடு போட்டுக்கொண்டான்.

பூக்கடை அஞ்சலாட்சியின் கை சரம் கட்டிக்கொண்டிருந்தது. கண் அவனை விடவில்லை. ஊர் ஊராகக் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருஷம் அது.

தாடியைப் பார்த்ததும் சந்தேகப்படுகிற பழைய அஞ்சலாட்சி இல்லை அவள். அந்தப் புத்தியை மாற்றியது 'சூறாவளி ஜமால்' படக்கதைதான். ஜமால் பகலில் தையல்காரன். ஜனங்களுக்கு ஆபத்தென்றால் தலையில் போட்ட குல்லாவோடு வானத்தில் பறப்பான். மாசம் பிறந்தால் முதல் ஆளாகப் புத்தகத்தை வாங்கி, மீன்கடை சின்னப்பொண்ணுக்கும் வாசித்துக் காட்டுவாள். போன மாசம் நோணாங்குப்பத்துப் படகுத்துறையை, உடைந்த படி உட்பட அப்படியே வரைந்திருந்ததைப் பார்த்து இரண்டு பேரும் வாய் பிளந்தார்கள்.

பாய்மார்களை யாராவது மட்டமாகப் பேசினால் இப்போதெல்லாம் சண்டைக்கே போய்விடுவாள். மார்க்கெட்டில் அவளுக்கு 'ஜமால் கட்சி' என்றே பேர்.

தாடிக்காரன் அவளிடமே வந்துவிட்டான். கூச்சத்தோடு சிரித்தான்.

"யக்கா, இங்க ஒரு குண்டு வெடிச்சா ஜனங்க எந்தப் பக்கமா ஓடும்?"

அஞ்சலாட்சி சரத்தைக் கீழே வைத்தாள். ஜமாலாக இருந்தால் இந்நேரம் பயந்துகொண்டா உட்கார்ந்திருப்பான்? சிரித்த முகமாகவே மீன் சந்துப் பக்கம் கைகாட்டினாள். அவன் நோட்டில் குனிந்த நேரம் பார்த்து, மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கொளஞ்சியிடம் ஓடினாள்.

அப்புறம் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சுமைக்காரர்கள் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். வாயிலேயே முதல் அடி விழுந்தது. நோட்டை விடாமல் பிடித்திருந்த வலது கையைக் கொளஞ்சி மிதித்த மிதியில், விரல்கள் முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"நல்லா மிதிடா. இவனுங்களாலதான் ஜமால் மாதிரி நல்லவங்களுக்கும் கெட்ட பேரு" என்றாள் அஞ்சலாட்சி.

சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் வந்து கூட்டத்தை விலக்கினார். மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தவனின் பையைக் கவிழ்த்தார். பென்சில்கள், மைப்புட்டி, இரண்டு பிரஷ். அவ்வளவுதான்.

நோட்டைப் பிரித்தார். மார்க்கெட்டின் எல்லா வாசலும் அதில் இருந்தன. மீன் சந்துக்கு மேலே, குண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜமால் பறந்துகொண்டிருந்தான். கீழே பூக்கூடையோடு பத்திரமாக நின்றாள் ஒருத்தி. மூக்குத்தியும் அகலப் பொட்டுமாக, அச்சு அசல் அஞ்சலாட்சி.

"பொஸ்தகத்துக்குப் படம் போடுறவன்யா இவன்" என்ற போலீஸ்காரர், நசுங்கிய கையைத் தூக்கிப் பார்த்தார். "இது இனிமே பென்சில் பிடிக்காது."

அஞ்சலாட்சி குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"அப்ப அடுத்த மாசம் ஜமால் வரமாட்டானா சார்?"