நீல நூல்

ஆட்டுமந்தை முதலாளி மாதிரி கம்பளி ஜாக்கெட் போட்டுத் திரியறீங்களே, அதக் கொஞ்சம் தடவிப் பாருங்கடா. ஆட்டுமுடியா அது? பிளாஸ்டிக்! துவைக்கத் துவைக்கக் கண்ணுக்குத் தெரியாத நூலா உதிரும். ரொம்ப இளிக்காதீங்க, எனக்கே அன்னிக்கு ஊர்க்கூட்டத்துலதான் தெரிஞ்சுது.

இசிக்-குல் ஏரில நீல நூல் மிதக்குதுன்னு புகார் குடுத்ததே ஓட்டல்கார தொக்தோபெக்தான்.

"என் ஓட்டலுக்குக் கீழ, ஓடைல, இந்தப் பொம்பளைங்க சாயக் கம்பளி அலசறாங்க. அதான் ஏரி நாசமாப் போகுது. தடை போடுங்க!"

கம்பளம் பண்ற உருல்சா அக்கா எகிறுனாங்க. "அலசாம கம்பளம் எப்படிப் பண்றது? உன் ஓட்டல்ல வந்து தட்டு கழுவவா?"

தண்ணிய சோதிக்க வந்த ஜிபெக், ஓட்டல் கார்லயே வந்து இறங்குனா.

"விலை போயிட்டாடி!"ன்னு அக்கா அவ காதுல விழற மாதிரியே சொன்னாங்க.

ஜிபெக் நேரா மேஜைக்குப் போனா. ஏரித் தண்ணிய வடிகட்டி எடுத்த நூலை மைக்ரோஸ்கோப்புல வச்சா. திரையில கயிறு மாதிரி தெரிஞ்சது. ஊசியப் பழுக்கக் காய்ச்சித் தொட்டா. உருகிச் சுருண்டுச்சு.

"அக்கா, உங்க கம்பளி ஒரு இழை குடுங்க."

தொட்டா. கருகிச்சு.

"ஆட்டுத்தல சுடற வாசனைடா! பசிக்குதே!"ன்னு எவனோ கத்த, கூட்டமே சிரிச்சுது.

"இதுதான் கம்பளி. ஏரில இருக்கறது பிளாஸ்டிக். நீங்க அலசற இடத்துக்கு மேலயே அது ஓடைல வருது. ஓட்டலுக்கு மேல போயும் தண்ணி எடுத்தேன். அங்க ஒண்ணுகூட இல்ல." அவ தொக்தோபெக் பக்கம் திரும்புனா. "உங்க ரூம்ல குடுக்கறீங்களே, நீலப் போர்வை, அது கம்பளியாண்ணே?"

தொக்தோபெக்குக்கு வேர்த்துடுச்சு. "துவைக்கற தண்ணி குழிக்குத்தான் போகுது! சத்தியமா!"

"உன் குழிக்குக் கால் முளைச்சு ஓடைக்கு நடந்துச்சா?"ன்னாங்க அக்கா.

ஊர்த்தலைவர் மேஜையத் தட்டுனாரு. "கம்பளிக்குத் தடை இல்ல. ஓட்டல் துவைக்கற மெஷினுக்குத்தான் தடை!"

அடேங்கப்பா, என்னா ஆட்டம்! அக்கா ஜிபெக்கை அப்படியே தூக்கிச் சுத்துனாங்க. "விலை போனவன்னு சொன்னேனே, என் வாயில மண்ணு! இந்தா, குதிரைப்பால் குடி!"

விசிலடிச்சே தொண்டை கட்டிப்போச்சு எனக்கு.

தொக்தோபெக் சொன்னது சத்தியம்தான்டா. குழி நிறைஞ்சா இறைக்கணுமேன்னு சோம்பல்பட்டு, குழாய ஓடைக்குத் திருப்பிவிட்ட ஓட்டல் வேலைக்காரன் நான்தான்.