ஜோர்டன் என்று சொல்

“யார் அங்க? நில்லு.”

விடியல் மூடுபனிக்குள், முழங்கால் அளவு தண்ணீரில் ஒருவன் நின்றான். சட்டை நிறம் தெரியவில்லை. நீலமானால் நம் வடக்குப் படை ஆள். சாம்பல் நிறமானால், அமெரிக்காவை இரண்டாக உடைக்க வந்த தெற்கத்தியான்.

ஹார்வி துப்பாக்கியைத் தோளில் பொருத்தினான். பக்கத்தில் கார்பொரல் டுவைட் புகையிலை மென்றுகொண்டிருந்தான்.

மூன்று நாளைக்கு முன் இதே ஆற்றுத்துறையில் ஒருவனை அடையாளச் சொல் கேட்காமல் உள்ளே விட்டார்கள். கூடாரத்தில் தூங்கிய நால்வர் எழுந்திருக்கவேயில்லை. அதன்பின் உத்தரவு சுருங்கிவிட்டது. மூன்று முறை கேள். சரியான சொல் வராவிட்டால் சுடு.

இன்றைய சொல், ஜோர்டன். கரை நெடுகிலும் இருக்கும் எல்லாப் படைகளுக்கும் அதுதான். ஜெனரல் பக்திமான். சொற்களை வேதத்திலிருந்துதான் எடுப்பார்.

“அடையாளச் சொல்லைச் சொல்லு.”

“யோர்டான்.”

டுவைட் சிரித்தான். “யோர்டானா? அது எந்த ஊர்லடா இருக்கு?”

ஹார்வி மறுபடி கேட்டான். தண்ணீரில் நின்றவன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, காது மந்தமானவர்களிடம் சொல்வதுபோல உரக்கச் சொன்னான்.

“யோர்டான்.”

“எவனோ பாதி காதுல வாங்கிட்டு வந்திருக்கான்,” என்றான் டுவைட். “இல்லன்னா கப்பல்ல வந்து இறங்கின வெளிநாட்டுக் கழிசடை ஏதாவது. எதுவா இருந்தா நமக்கென்ன? கேக்குறதுதான் உன் வேலை ஹார்வி. யோசிக்க ஜெனரல் இருக்காரு.”

ஹார்விக்கு வேதத்தின் நியாயாதிபதிகள் புத்தகம் நினைவுக்கு வந்தது. அதே ஜோர்டன் நதியின் துறையில்தான் வந்தவர்களை நிறுத்தி ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொன்னார்கள். ‘ஷ’ நாக்கில் வராமல் ‘சிபோலேத்’ என்றவனைப் பிடித்து அங்கேயே வெட்டினார்கள். நாற்பத்தீராயிரம் பேர்.

வெட்டியவர்கள் அன்று மாலை எப்படி ஜெபித்தார்கள் என்று வேதத்தில் இல்லை.

மூன்றாவது முறை கேட்டபோது ஹார்வி, பள்ளிக்கூடத்தில் எடுத்துக்கொடுப்பதுபோல, “ஜ” என்று தொடங்கிவைத்தான்.

டுவைட் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தான்.

“யோர்டான்,” என்றான் தண்ணீரில் நின்றவன். குரல் உடைந்திருந்தது.

டுவைட் இன்னும் ஹார்வியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹார்வி சுட்டான்.

பனி விலகியபோது சட்டை நீலமாக இருந்தது.

நேற்றெல்லாம் அந்தக் கரை வழியே பத்துப் பன்னிரண்டு படைப்பிரிவுகள் கடந்துபோயிருந்தன. எதிலிருந்து பின்தங்கியவன் என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை. அவன் பையில் சின்ன ஜெபப்புத்தகம் ஒன்று மட்டும். படையின் பாதிரியார் அதன் முதல் பக்கத்தைத் திறந்தார். ஆங்கிலம் இல்லை.

“இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? வீட்டுக்கு ஒரு கடிதமாவது போடலாம்.”

டுவைட் தொப்பியைக் கழற்றியிருந்தான்.

ஹார்வி நின்ற இடத்திலிருந்து புத்தகத்தின் அந்தப் பக்கம் தலைகீழாகத் தெரிந்தது. மையில் எழுதிய சாய்ந்த கையெழுத்து.

‘இது என் கணவர் தோர்ஸ்டனுடையது. கண்டெடுப்பவர் ஒரு வரி எழுதிப் போடுங்கள். இருக்கிறாரா என்று மட்டும். ராக்னில்டு.’

கீழே ஊர்ப்பெயர்.

நார்வேக்காரர்களின் மொழி. அதில் ‘ஜ’ கிடையாது, ‘ய’தான். அம்மாவின் மடியில் உட்கார்ந்து அவன் ஜெபிக்கக் கற்றுக்கொண்ட மொழி. அந்த வீட்டில் அவன் பெயர் ஹால்வோர். ஹார்வி என்பது பட்டாளத்தில் சேரும்போது அவனே எழுதிக்கொண்டது.

பாதிரியார் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவன் முன்னால் நின்றார்.

“உனக்குத் தெரியுமா தம்பி?”

“தெரியாதுங்க ஐயா,” என்றான் ஹார்வி, பிசிறில்லாத ஆங்கிலத்தில்.