எட்டாம் தரம், கொல்லாமை

ஆலோசகர் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்ததும் ரீச்சருக்கு வெண்கட்டி விரலில் நிற்கவில்லை.

இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை உடைந்தது.

வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்திருக்கிறார். பாடசாலைகளில் சமயம் படிப்பிக்கிற தரத்தை உயர்த்த வேண்டுமாம். மடியில் படிவம். அதில் ‘மிக நன்று’ விழுந்தால் ஆறு வருடமாகக் கேட்கிற ஊர் இடமாற்றம் கைக்கு வந்துவிடும். மகன் ஊரில், அவளுடைய தாயோடு. வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் அவள் முகம் பார்க்கிறான்.

வெறும் ‘நன்று’ என்றால் இன்னும் மூன்று வருடம் இந்தக் கடற்கரையில்.

அதனால்தான் ஒரு கிழமையாக ஒத்திகை.

“தெரிஞ்சவை வலக்கை. தெரியாதவை இடக்கை. ஆனா எல்லாரும் தூக்கோணும், விளங்குதோ?”

“விளங்குது ரீச்சர்!”

அவள் படித்தது மனைப்பொருளியல். சமயம்தானே, ஆரும் படிப்பிக்கலாம் என்று அதிபர் அதையும் அவளுடைய நேரசூசியில் போட்டுவிட்டார். பாடநூலைத் தவிர அவளுக்கும் வேறொன்றும் தெரியாது. தெரியாததை யாரும் கேட்டுவிடக் கூடாது. சமயம் எடுக்கத் தொடங்கிய இந்த நாலு வருடமாக அதுதான் அவள் படிப்பித்தல்.

இன்றைக்குக் கொல்லாமை.

ஜன்னலுக்கு வெளியே கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

“அறங்களில் பெரியது எது?”

இருபத்துமூன்று கைகள். ஆலோசகர் பேனாவைத் திறந்தார்.

அவள் கண் வலக்கைகளைத் தேடி ஓடியது. நிதுர்சன் வலம். அவனுக்குப் பின்னால் இருப்பவளும் வலம். யதுர்சா…

யதுர்சா இடக்கையைத் தூக்கியிருந்தாள்.

வகுப்பில் முதலாம் பிள்ளை. முற்றுப்புள்ளி பிசகாமல் ஒப்புவிப்பவள். மறந்துவிட்டாளோ? கையை மாற்றடி என்று ரீச்சர் கண்ணால் காட்டினாள். பிள்ளை மாற்றவில்லை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள். அப்போதும் இல்லை.

நிதுர்சனைக் கேட்டால் முடிந்துவிடும்.

ஒரு கிழமையாக யதுர்சா சாப்பாட்டுப் பெட்டியில் மீன் துண்டை ஒதுக்கிவைக்கிறாள். ரீச்சர் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஏனென்று கேட்கவில்லை.

“சொல்லு, யதுர்சா.”

பிள்ளை எழும்பினாள்.

“விடை மனப்பாடம், ரீச்சர். ஆனா தெரியேல்லை.”

“என்ன தெரியேல்லை?”

“அப்பா திருநீறு பூசிக் கும்பிட்டுட்டுத்தான் வள்ளத்தில ஏறுறவர். நிறைய மீன் படவேணும் எண்டுதான் கும்பிடுறவர். அது சாமிக்குக் கேக்குமோ, கேக்காதோ?”



அது பாடத்துக்கு வெளிய, இரு பிள்ளை. அந்த வசனம் நாக்கு நுனியில் ஆயத்தமாக இருந்தது. எத்தனையோ தடவை காப்பாற்றிய வசனம்.

மகனின் முகம் வந்தது. போனது. திரும்ப வந்தது.

“எனக்குத் தெரியாது, பிள்ளை.” தன் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. “மற்றவை என்ன சொல்லுறியள்?”

கையே தூக்காமல் ஒரு குரல்.

“நெத்தலி சின்னன் ரீச்சர். பாவமும் சின்னனாத்தான் இருக்கும்.”

“போடா விசரா! ஒரு கடகம் நெத்தலி எண்டா?”

“வெள்ளிக்கிழமை மட்டும்தான் பாவம் எண்டு எங்கட அம்மா சொன்னவ.”

“அப்ப, பிடிக்காம விட்டு நாங்கள் பட்டினி கிடந்தா? அது ஆரின்ர பாவம்?”

நிதுர்சன் கடைசி வாங்குப் பக்கம் திரும்பினான்.

“சேர், நீங்கள் மீன் சாப்பிடுவியளோ?”

ஆலோசகர் பேனாவை மூடினார். மூடியைத் திருகித் திருகிப் பார்த்தார்.

“செவ்வாய், வெள்ளி தவிர,” என்றார்.

வகுப்பே சிரித்தது. யதுர்சா மட்டும் சிரிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

மணி அடித்தது. ஒருவரும் புத்தகத்தை மூடவில்லை.

விறாந்தையில் ஆலோசகர் படிவத்தை நீட்டிக் காட்டினார். பாதிக் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன.

“இதுக்கு ‘மிக நன்று’ போடேலாது, ரீச்சர். பாடம் முடியேல்லை.”

“தெரியும், சேர்.”

அவர் போயிருக்கலாம். வாகனம் வாசலில் நின்றது. செருப்புக் காலை மாற்றி மாற்றி ஊன்றினார்.

“நாளைக்கு இந்த வகுப்பு உங்களுக்கு எத்தினையாம் பாடம்?”

“மூண்டாம் பாடம், சேர்.”

அவர் அதைப் படிவத்தில் எழுதவில்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

நாளைக்கு வெள்ளி. பின்னேரம் மகன் வீட்டுப் படலையடியில் நிற்பான்.

அவனும் ஒன்று கேட்பான்: “எப்பம்மா ஊருக்கே வருவியள்?”