தென்னை நிற்கிற கோடி

கமலாதேவி நல்ல சேலை உடுத்து, நிலாவெளி ஹோட்டலுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். இது போதாதா உப்புவெளி ஊருக்கு?

“வீட்டுக்குக் கூரை இல்லை. தறப்பாளுக்குக் கீழ படுக்கிறா. அதுக்குள்ள ஹோட்டல் கேக்குது,” என்று பக்கத்து வீட்டுப் புஸ்பராணி தொடங்கிவைத்தாள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? கதை பஸ் ஏறி, கமலாதேவிக்கு முன்னமே திருகோணமலைப் பட்டணத்து ரவுணுக்குப் போய்விட்டது.

உண்மைக் காரணம் தெரிந்தவர் ஒருவர்தான். ரவுணில் தொலைபேசிக் கடை வைத்திருந்த மஹ்ரூப். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில், எல்லாருக்கும் அவர் ‘நானா’.

கமலாதேவியின் தம்பி ஞானசேகரம் கனடாவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மஹ்ரூபின் கடைக்குப் போன் எடுப்பான். அக்கா பஸ்ஸில் வந்து காத்திருந்து கதைப்பாள். அந்தச் சின்னக் கடையில் யார் கதைத்தாலும் மஹ்ரூபின் காதில் விழத்தான் செய்யும்.

தொண்ணூறாம் ஆண்டு ஷெல் விழுந்து கூரை போனதை அவள் தம்பிக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் கோடியில் நின்ற தென்னைகளை ஆமிக்காரர் காவலரண் கட்டத் தறித்துக்கொண்டு போனதையும் சொல்லவில்லை. சொன்னால் அவன் அடுத்த பிளேனில் வந்து இறங்கிவிடுவான். வீதியில் ஆமி மறித்துக் கூட்டிப்போகிற இளம் பெடியள் வீடு திரும்பாத காலம் அது. ஆகவே, எல்லாம் அப்படியே இருக்குது என்றே சொல்லிவந்தாள்.

அந்தப் பொய்க்குத்தான் ஒருநாள் சோதனை வந்தது.

“அக்கா, நான் இங்க ஒரு வீடு வாங்கிட்டன். பின்பக்கத்தில எங்கட கோடி மாதிரியே செய்யப்போறன். கோடியை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ.”

கோடி என்றால் வீட்டின் பின்வளவு. அக்காவும் தம்பியும் வளர்ந்ததே அங்கேதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து தென்னைக்குக் கீழே பாய் போட்டுப் படிப்பார்கள். ஓலை விழுகிற சத்தம் கேட்டால் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். பின்னேரத்தில் கடல்காற்று வரும், தேத்தண்ணி வரும். அந்தச் சுகம் இனி எந்தப் பிறவியிலோ!

போனை வைத்த கமலாதேவி, இல்லாத கோடிக்கு எங்கே போவது என்று மஹ்ரூபிடம் கேட்டாள். மஹ்ரூப்தான் வழி சொன்னார். நிலாவெளியில் வெள்ளைக்காரர் வராமல் வெறிச்சோடிக் கிடந்த ஹோட்டல் ஒன்றில் அவருடைய மச்சான் காவலாளி. அங்கே தென்னை இருந்தது, கிடுகு வேய்ந்த குடில் இருந்தது, பிரம்புக் கதிரை இருந்தது. கமலாதேவி அந்தக் கதிரையில் இருந்து சிரித்துப் படம் எடுத்து அனுப்பினாள். குடில் ஏது என்று தம்பி கேட்டால், காற்று வாங்கப் புதிதாகப் போட்டது என்று சொல்ல நினைத்திருந்தாள். அவன் கேட்கவில்லை.

அடுத்த வருசம் கனடாவிலிருந்து ஒரு படம் வந்தது.

பூப்போட்ட சட்டையோடு ஞானசேகரம் பிரம்புக் கதிரையில் இருந்தான். தலைக்கு மேலே பிளாஸ்டிக் தென்னை, பின்னால் புல் வேய்ந்த குடில், காலடியில் கடல்மணல். தொட்டியில் உண்மையான வாழை ஒன்றும் நின்றது. குளிர் தொடங்கினால் அதைத் தொட்டியோடு வீட்டுக்குள் தூக்க வேண்டுமாம். வேலிக்கு அங்கால் இலை கொட்டிய மொட்டை மரங்கள் மட்டும் இல்லாவிட்டால், அச்சு அசல் நிலாவெளி ஹோட்டல்தான்.

படத்தைப் பார்த்த புஸ்பராணி விழுந்து விழுந்து சிரித்தாள். “பிறந்து வளர்ந்த கோடியே மறந்துபோச்சுது. கனடாக் காசு கண்ணை மறைச்சிட்டுது.”

கமலாதேவி அதைக் காதில் போடவில்லை. தன் பொய்யைத் தம்பி நம்பிவிட்டான், இனி வரமாட்டான் என்ற நிம்மதியே அவளுக்குப் போதுமாயிருந்தது.

ஒரு ஞாயிறு உப்புவெளியில் ஆமியின் சுற்றிவளைப்பு. கமலாதேவியால் ரவுணுக்கு வர முடியவில்லை. ஞானசேகரத்தின் போனை மஹ்ரூப் எடுத்தார். அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொன்னவருக்கு, கமலாதேவி காட்டிய கனடாப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து மனதில் கிடந்ததை அடக்க முடியவில்லை.

“கோவிக்காதீங்க தம்பி. உங்கட சொந்தக் கோடி உங்களுக்கு மறந்துபோச்சா?”



“மறக்குமோ நானா? அக்கா வேற ஆரோ ஒருத்தற்ற கோடியில இருந்து சிரிக்கிறா எண்டால், எங்கட கோடி இல்லாமல் போச்சுதெண்டுதானே அர்த்தம். படத்தைப் பாத்த அண்டைக்கே விளங்கிட்டுது.”

“பிறகு ஏன் அதைப் பாத்துக் கட்டினீங்க?”

“நான் நம்பிட்டனெண்டு அக்காவுக்குக் காட்ட வேணுமே. இல்லாட்டி, நான் வந்திடுவன் எண்டு பயந்தே செத்துப்போவா.”

 சொந்த வீட்டில், சொந்தக் கோடியில் நீடூழி வாழ வேண்டும் என்று மஹ்ரூப் வாழ்த்தினார்.

“சொந்த வீடோ? அது நான் பனி வழிக்கப் போற வெள்ளைக்காரற்ற வீடு நானா. அவருக்குத்தான் கட்டிக் குடுத்தனான். எனக்கு நிலத்துக்குக் கீழ ஒரு அறை, யன்னலும் இல்லை. அகதி வழக்கும் இன்னும் முடியேல்ல. அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்கோ.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே கமலாதேவி ஓடிவந்தாள்.

“தம்பி எடுத்தவனோ நானா? எப்படி இருக்கிறானாம்?”

மஹ்ரூப் ஐந்து வேளையும் தொழுகிறவர். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையைத் துடைத்தார்.

“நல்லா இருக்கிறார் தங்கச்சி. கோடியில, தென்னைக்குக் கீழ கதிரையைப் போட்டு இருந்துதான் கதைச்சவர்.”